ஊசிப்போன சோறும் ஊசிக்காரனும்

அழைக்காத வீட்டு அடுக்களைக்குள் நுழைந்து, மூடியிருக்கும் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்ப்பதற்குச் சம்பளம் கொடுக்கும் உத்தியோகம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் பெயர் சுகாதார இன்ஸ்பெக்டர். கேட்காதவர்களுக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிற வாத்தியார்களே, கிராம சேவகர்களே, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கிவிட்டு அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டு நிற்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். நமக்குத்தான் சுருக்கென்று தைக்கும். நான் கூட்டத்தில் சொன்ன ஒரே ஒரு சொல்லால், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு வண்டி ஏற இருந்த கதையும் இதில் வருகிறது.

ஆர்டர் வந்த நாள்

கீரனூர்ப் பக்கம் கடலை விதைக்கிற குடும்பம் எங்களுடையது. திருச்சிக்கு பஸ்ஸில் போய் வந்து பி.எஸ்ஸி. முடித்தேன். காலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாறைகளும் பனைகளும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். பெரிய ஆபீஸ் ஒன்றில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே போவேன். பிறகு சுகாதாரப் பயிற்சி. பிறகு ஆலங்குடித் தாலுகாவில் வேலை, அதுவும் தற்காலிகமாக. என் வட்டத்தில் நாலு பேர் சேர்ந்தாற்போல் வாந்தி எடுத்தால் வேலை நிரந்தரமாகாது என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, ஆர்டரைப் பிரித்த நிமிஷத்திலிருந்தே பயப்பட ஆரம்பித்தேன்.

என்ன வேலை என்று எங்கள் ஆத்தா கேட்டது. வீடு வீடாகப் போக வேண்டும், சமைத்ததை மூடி வைத்திருக்கிறார்களா, கிணறு சுத்தமாக இருக்கிறதா, பழைய சாப்பாடு கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். உடைத்துக்கொண்டிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டு ஆத்தா என்னை நிமிர்ந்து பார்த்தது. "எம்புட்டோ பாடுபட்டு ஒன்னையப் படிக்க வச்சது, அடுத்தவ வீட்டுக் கொழம்பை மோந்து பாக்கத்தானாடா?"

வெந்நீர்

கீரமங்கலத்துக்குத் தெற்கே, தென்னைகளுக்கும் கடலைக் கொல்லைகளுக்கும் நடுவே இருந்த ஊர்தான் என் வட்டத்தில் பெரியது. அங்கே நான் முதலில் போனது சின்னையா வீடு. சின்னையா சொன்னால் ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அவர் மனைவி அழகாயி அம்மாள். மகனுக்கு அந்தத் தை மாசம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் பெயர் மீனாட்சி, பேராவூரணிப் பக்கத்துப் பெண். அடுக்களை வாசலில் அழகாயி அம்மாள் அந்தக் காலத்தில் தன் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். புளி போட்டுத் துலக்கியவை. அவற்றின் மேல் பட்ட வெயில் எதிர்ச் சுவரில் குளத்துத் தண்ணீர் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. வந்த வேலையை மறந்து அந்த அசைவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குடிக்க மோர் வந்தது. அதில் கலந்த தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீரோ என்று நினைத்ததும் பயிற்சியில் படித்த அத்தனை நோயும் வரிசையில் வந்து நின்றன. கொதிக்க வைத்த தண்ணீர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். மீனாட்சி ஓடிப்போய் அடுப்பை மூட்டி, கேட்காமலே சுக்குத் தட்டிப்போட்டுக் கொண்டுவந்தாள். அழகாயி அம்மாள் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்த ஊரில் எந்த வீட்டுப் படி ஏறினாலும் எனக்குச் சுக்கு வெந்நீர்தான். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஒருவர் கீரனூரிலிருந்து வந்திருக்கிறார். அவரிடம் சின்னையா மிகுந்த நல்லெண்ணத்தோடு சொல்லியனுப்பினாராம்: "தங்கமான பையன்தாங்க. ஆனா வெந்நியில ஓடுற ஒடம்பு."

சோற்றுக்கு ஊசி

காலரா ஊசி போடுவதும் என் வேலை. ஆகவே ஊருக்கு நான் ஊசிக்காரர். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட்டால் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு ஆள் வரமாட்டார்கள் என்பதால் நானும் அதைத் திருத்தவில்லை. கெட்டுப்போன பழையது பற்றி ஒரு கூட்டம் போடலாம் என்று தலையாரியிடம் சொன்னேன். ஊசிப்போன சோற்றைச் சாப்பிடக் கூடாது, அதைப் பற்றி ஊசிக்காரர் பேசுவார் என்று தமுக்கு அடிக்கச் சொன்னேன். முதல் தெருவில் அப்படியேதான் சொன்னாராம். அடுத்த தெருவில் மூச்சு வாங்கியதால் கொஞ்சம் சுருக்கியிருக்கிறார். கடைசித் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஊசிக்காரர் வருகிறார், சோற்றுக்கு ஊசி போடுகிறார் என்று ஆகிவிட்டது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் பெண்கள் பானையும் சட்டியுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் வெயிலில் அத்தனை பானைகளும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. முன்னால் இருந்தவர் அழகாயி அம்மாள். சோற்றுப் பானையைத் தட்டால் மூடி, கழுவிய கையோடு, மிகச் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தார். நான் விளக்கிச் சொன்னேன். ஊசி மனிதருக்குத்தான், சோற்றுக்கு இல்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும், குழம்பை நன்றாகச் சுண்ட வைக்க வேண்டும், வாசனை மாறினால் கொட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டை நகர்த்தினார். "சரி சார். மனுசருக்குப் போடுறதுல பாதியாச்சும் போட்டு விடுங்க. நாளைக் காலை வரைக்கும் தாங்குனாப் போதும்."

முந்திரித் தோப்பு

ஆலங்குடி ரோட்டில் ஒரு முந்திரித் தோப்பு உண்டு. உச்சி வெயிலில் சைக்கிளை அங்கே சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன். பழம் கனிந்து விழுகிற பருவத்தில் காற்றே லேசாகப் புளித்திருக்கும். மூச்சை இழுத்தால் கண் சொருகும். அந்தக் கூட்டத்துக்கு மறுநாளும் அப்படித்தான் தூங்கிவிட்டேன். கனவில் ஒரு பெரிய வெளி. அதில் பானைகள் நடந்து வருகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக, கையை நீட்டிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டு அனுப்புகிறேன். திடீரென்று எல்லாப் பானைகளின் மூடிகளும் எழும்பிக் கொக்குக் கூட்டம் போல் மேற்கே பறக்கின்றன. ஈக்கள் எங்கேயோ தூரத்தில் பாடுகின்றன. நான் ஓடுகிறேன், மூடிகள் எட்டவில்லை. ஆனால் அந்தக் கனவில் பயமே இல்லை. வெள்ளையாக, மெதுவாக, அவை பறந்த அழகுதான் இன்னமும் நினைவில் நிற்கிறது.

கண் விழித்தபோது முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி நின்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தூக்கத்துல 'மூடு, மூடு'ன்னு சத்தம் போட்டீங்க சார். நாங்க அப்பத்துலேருந்து வாயை மூடிக்கிட்டுத்தான் பெறக்குறோம்."

நல்ல தமிழ்

பானைக்கு ஊசி போட்ட கதை எனக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்திருந்தது. என் மேலதிகாரி சிரிக்காத மனிதர். ஊசிப்போச்சு, நாறிப்போச்சு என்றெல்லாம் கொச்சையாகப் பேசினால் இப்படித்தான் ஆகும், அச்சடித்த தமிழில் பேசும் என்று சொல்லி ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்தார். அதன் தலைப்பு 'உணவு விஷமாதல்'. நான் அதை மனப்பாடம் செய்தேன். என்னைப் போலப் படித்து மேலே வந்தவர்களுக்கு மனப்பாடம் செய்வதைப் போல நிம்மதியான காரியம் வேறில்லை.

மறுபடியும் அதே வேப்ப மரத்தடி. இந்தத் தடவை ஆண்களும் வந்திருந்தார்கள். உங்கள் வீட்டுச் சாப்பாடே விஷமாகலாம் என்று சொன்னேன். பெரும்பாலும் அந்த விஷம் சமைக்கிறவர் கையிலிருந்துதான் வருகிறது என்றும் சொன்னேன். நான் நினைத்தது கழுவாத கையையும் நகத்து அழுக்கையும். கூட்டம் மூச்சுக் காட்டாமல் கேட்டது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடலைக் கொல்லைகளின் மேல் புகை போல ஒரு நீலம் இறங்கியிருந்தது. சைக்கிள் தரையில் படாமல் போவது போல் இருந்தது. முதல் தடவையாக என் படிப்பு யாருக்கோ பயன்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் டீக்கடை சுப்பையா தம்ளரை வெந்நீரில் இரண்டு தரம் கழுவி எனக்குக் காட்டிவிட்டு டீயை ஊற்றினார். "நேத்துத்தான் சார் ஒங்க பேச்சை ஊரே கேட்டுச்சு. ஒவ்வொருத்தனும் வீட்டுக்குப் போயி, சோத்துல கைய வைக்காம பொண்டாட்டி மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்திருக்கான்."

வண்டி

அதற்குப் பிறகு சில நாள் கழித்து ஒரு காலை, சின்னையா வீட்டில் விஷம் என்று ஆள் வந்து சொன்னான். நான் சைக்கிளை மிதித்த வேகத்தில் வழியில் எதையும் பார்க்கவில்லை. என் வேலை போவது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. போய்ப் பார்த்தால் அங்கே போக இருந்தது வேறு. சின்னையா கட்டிலில் கிடந்தார். காலையில் பழைய சோற்றோடு நேற்றைய மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வாந்தி, திரும்பத் திரும்ப வாந்தி. இப்போது நின்றிருந்தது; கஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கீரமங்கலத்துக்கு டாக்டரைக் கூட்டிவர ஆள் போயிருந்தது. முற்றத்தில் அவர் மகன் மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தான். மீனாட்சி ஒரு துணி மூட்டையோடு மாட்டுக் கொட்டகை ஓரமாக நின்றாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவள் பிறந்த ஊரில் அம்மன் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. கடலை பறிக்கிற சமயம், போக வேண்டாம் என்று மாமனார் சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாளாக யாரிடமும் பேசவில்லை. குழம்பு வைத்தவள் அவள். ராத்திரி அதே குழம்பை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. காலையில் முதல் ஆளாக அதைச் சாப்பிட்ட மாமனாருக்கு மட்டும் வாந்தி. தெருவே கூடிக் கணக்குப் போட்டு, மருந்து வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டது. அப்படிச் சொல்லி அனுப்பிய பெண்ணை எந்த ஊரிலும் மறுபடி அடுப்பங்கரையில் விடமாட்டார்கள். விஷம் என்று நான் எதைச் சொன்னேன் என்று அழகாயி அம்மாளிடம் விளக்கப் பார்த்தேன். என் நாக்கு அச்சடித்த தமிழிலேயே புரண்டது. அவர் குறுக்கே பேசினார். "நீங்கதான சார் சொன்னீங்க, சமைக்கிறவ கையிலதான் இருக்குன்னு. கொழம்பு வச்சவளுக்கு மருந்து வைக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

ஓட்டைக் காலணா

எனக்குத் தெரிந்தது மோந்து பார்ப்பது ஒன்றுதான். குழம்பு எங்கே என்று கேட்டேன். மீனாட்சி குழம்பு வைத்த மண்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் வாய் உடைந்திருந்தது. மீதிக் குழம்பு அழகாயி அம்மாளின் சீர்ப் பாத்திரம் ஒன்றில் இருந்தது. வெளியே தங்கம் மாதிரி மின்னிய அதே பித்தளை. குழம்பைச் சாய்த்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்து எப்போதோ போயிருந்தது. குழம்பு நின்ற கோட்டில் பாசி போல் ஒரு பச்சை. ஒரு நிமிஷம் அந்தப் பச்சை எனக்கு அழகாகத் தெரிந்தது. மழைக்காலத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி. கட்டிலருகே போய், சாப்பிடும்போது வாயில் என்ன ருசி இருந்தது என்று சின்னையாவிடம் கேட்டேன். அவர் யோசித்தார். அந்தக் காலத்து ஓட்டைக் காலணாச் செப்புக் காசை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது என்றார்.

இந்தப் பச்சைதான் வாந்திக்குக் காரணம் என்றேன். அப்படியானால் அதை யார் வைத்தது என்று தெருவில் நின்றவர்கள் கேட்டார்கள். நான் மீனாட்சியைப் பார்த்தேன். பாத்திரம் வெளியே வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மாமியாரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். குழம்பை மாற்றியவர் பெயரை நான் சொன்னால் அதே வண்டியில் ஏற்ற இன்னொருவரைத் தேடுவார்கள். சொல்லாவிட்டால் இவள் ஏறுவாள். பயத்தில் பிரசுரம் முழுவதும் மறந்துபோய், வாயில் வந்தது எங்கள் ஆத்தா பேசுகிற தமிழ். "யாரும் வைக்கலைங்க. ஈயம் போன பித்தளையில புளி ஊத்துன கொழம்பு கெடந்தாத் தானா களிம்பு ஏறும். நான் வச்சாலும் ஏறும், நீங்க வச்சாலும் ஏறும். ராத்திரி மண்சட்டியில நல்லாத்தான் இருந்துச்சு. விடியிறதுக்குள்ள பித்தளையில ஊசிப்போச்சு, அவ்வளவுதான்."

ஊசிப்போச்சு என்றதும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் முற்றம் கொஞ்சம் தளர்ந்தது. அழகாயி அம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், யாரும் கேட்காமலே, அந்தச் சட்டி வாய் உடைந்து போனதால் தான்தான் மாற்றி வைத்ததாகவும், தன் பிறந்த வீட்டுச் சீர் சும்மா கிடக்கிறதே என்று அதில் மாற்றியதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு மருமகள் பக்கம் திரும்பாமலே அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார். மகன் நுகத்தடியைத் தூக்கப் போனான். சின்னையா கட்டிலிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். "மாட்டை அவுக்காதடா. தேருக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்கு. அந்தப் புள்ளைய அது ஆத்தா வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு, தேர் முடிஞ்சதும் நீயே போயிக் கூட்டியா."

மோந்து பார்த்தல்

மீனாட்சி தேர் பார்த்துத் திரும்பிய பிறகு அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு. மறுக்க வழியில்லை. இலை போட்டார்கள். ஈயம் பூசி வந்த பித்தளையில் வெறும் சோறு, புது மண்சட்டியில் குழம்பு. வெயில் அன்றும் பாத்திரங்களில் பட்டுச் சுவரில் தண்ணீராக அசைந்தது. அதைப் பார்த்தபடி இருந்ததில், அடுத்த வாரம் பக்கத்து ஊரில் பேச வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. குழம்பை ஊற்ற வந்த மீனாட்சி, அகப்பையை நிறுத்தி, விஷம் என்று மட்டும் சொல்ல வேண்டாம், ஊசிப்போச்சு என்றே சொல்லச் சொன்னாள். பானையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமாம்.

நான் தலையாட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து, உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகும் வழியில், பழக்கதோஷத்தில் மூக்கருகே நிறுத்திவிட்டேன். வீடு முழுவதும் என்னையே பார்த்தது. மீனாட்சியின் முகம் ஒரு கணம் வாடியது. அழகாயி அம்மாள் விசிறியால் ஈயை ஓட்டிக்கொண்டே, அதை அவளுக்கும் சேர்த்துச் சொன்னார்: "நல்லா மோந்து பாருங்க சார். எம் மருமக வச்ச கொழம்பு. ஒங்களுக்குச் சம்பளமே அதுக்குத்தான?"

என் வேலை பிறகு நிரந்தரமாயிற்று, மூடிகள் இன்னமும் கனவில் பறக்கின்றன, அச்சடித்த சொல் எதுவாக இருந்தாலும் ஊர் நடுவில் பரிமாறுவதற்கு முன் ஒரு தரம் திறந்து மோந்து பார்த்துக்கொள்கிறேன்.